ராஜையாவிடம் இல்லாத ஆடு

ஐம்பத்து நாலாம் வருஷத்துக் கோடையில் சதாசிவனுடைய கிணறு வற்றவில்லை, கெட்டுப்போனது. இறைக்க இறைக்கத் துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. அதில் வடித்த சோறு சிவந்தது, துவைத்த வேட்டி சிவந்தது, பசுவுக்குக் காட்டினால் பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சதாசிவனின் மனைவி விலாசினி தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகச் சாஸ்தா கோயில் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினாள். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம்.

நல்ல கிணறு கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு தோடு, ஓடை. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும். அதன் மறுகரையில் ராஜையாவின் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ராஜையாவின் கிணறு, பாறை பிளந்து வந்த ஊற்று. ஆனால் சதாசிவன் போய்க் கேட்கவில்லை. கேட்டு வாங்கிக் குடித்து அவன் குடும்பத்தில் பழக்கமில்லை. ராஜையாவும் வாருங்கள், எடுங்கள் என்று அழைக்கவில்லை. அழைத்தால் சதாசிவன் வேண்டாம் என்பான் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் விடிந்தபோது ராஜையாவின் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண் இடிக்காமல் நுழைகிற அகலம். ராஜையா மறுகரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“எலே சதாசிவா, பாத்தியா மக்கா. இந்த ஆடு செய்த வேலையைப் பாத்தியா. வேலியைப் பொளிச்சுப் போட்டு. எனக்கு இப்போ அடைக்கதுக்கு நேரமில்ல. கெடக்கட்டு. விலாசினி வேணும்னா அதுவழி வந்து வெள்ளம் கோரிற்றுப் போட்டு.”

சதாசிவன் வேலியைப் பார்த்தான். கம்புகள் சரிவாக, ஒரே வீச்சில் வெட்டுப்பட்டிருந்தன. தோட்டுக்குக் குறுக்கே ஒரு தென்னந்தடி நன்றாக அசையாமல் பொருத்திப் போடப்பட்டிருந்தது. ஆடு அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ராஜையாவிடம் ஆடே கிடையாது. இருந்த ஒன்றையும் போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே விற்றுவிட்டார்.

“ஆடுன்னா அப்படித்தான் அண்ணே,” என்றான் சதாசிவன். அன்றைக்கு விலாசினி அந்த வழியாகப் போய்த் தண்ணீர் எடுத்தாள். வீட்டில் சோறு வெள்ளையாக வெந்தது.

ராஜையாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. மரச்சீனிக் கிழங்கும் தென்னையும் வாழையும்தான் பிழைப்பு. ஆனால் பாறசாலைச் சுற்றுவட்டத்தில் அவரை எல்லாரும் அறிந்தது அவருடைய தொண்டையால். மிஷன் கோயிலில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து அறுப்பின் பண்டிகை வரும். சபையார் தங்கள் விளையில் விளைந்த முதல் பலனைத் தெய்வத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வருஷா வருஷம் ஏலம் கூறுகிறவர் ராஜையா.

அவர் ஏலத்தில் ஒரு சட்டம் உண்டு. கை உயர்ந்தால் உயர்ந்ததுதான். கொசு அடிக்க உயர்த்தினேன், முண்டு சரிசெய்ய உயர்த்தினேன் என்பதெல்லாம் செல்லாது. ஒரு வருஷம் தூரத்தில் நின்ற மைத்துனனை வா என்று கைகாட்டி அழைத்த ஒருவர் தலையில் ஒரு பூசணிக்காய் விழுந்தது. “தெய்வ சந்நிதியில ஒரு கை பொங்கினா, அத நம்பி மத்தவன் வாய மூடிற்றான். இனி எப்படி இல்லன்னு சொல்லுவே?” என்பார் ராஜையா. பூசணிக்காய்க்காரரும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருஷங்களில்தான் எல்லைப் போராட்டம் நடந்தது. திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்களை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. கூடாது என்று ஒரு கட்சி. இவர்கள் இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அங்கேதான் போக வேண்டும் என்று சிலர், போனால் பார்க்கலாம் என்று சிலர். கொடிகளும் ஊர்வலங்களும் போலீஸ் வண்டிகளுமாக ரோடு நிறைந்திருந்தது. இவர்கள் ஊரில் பசுவிடம் தமிழிலும் கோர்ட்டில் மலையாளத்திலும் தெய்வத்திடம் இரண்டிலும் பேசிக்கொண்டிருந்த ஜனங்கள், தாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ராஜையா மெட்ராஸ் பக்கம். அவர் மகள் சுகிர்தபாயை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தத் தாலுகா எங்கே போகிறதோ அங்கே தானும் போக வேண்டும் என்று நினைத்தார். சதாசிவனுக்கு அப்படி ஒன்றுமில்லை. அவன் பாலை வாங்குகிற சாயாக்கடை எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு போதும்.

அப்போது ஒரு நாள் காக்கி அரைக்கால் சட்டையும் குடையுமாக ஒரு ஆபீசர் வந்தார். சதாசிவன் வீட்டுக்கும் ராஜையா வீட்டுக்கும் நடுவிலிருந்த தோட்டை உற்றுப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். பிறகு தோட்டுக்கரைக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் சாயாக்கடை தீர்ப்பு சொல்லிவிட்டது. எல்லை தோட்டு வழியாகப் போகிறது. தோட்டுக்குக் கிழக்கே மெட்ராஸ், மேற்கே திருவிதாங்கூர். ராஜையாவின் வீடு கிழக்கே, சதாசிவனின் வீடு மேற்கே. அந்த ஆபீசர் கொசு ஒழிப்பு ஆபீசிலிருந்து வந்தவர் என்பதும், போட்ட குறி அங்கே புழு நெளிகிறது என்பதற்கு என்பதும் வெகு நாளைக்குப் பிறகுதான் தெரிந்தது.

ராஜையா அன்றைக்கே தெருவுக்குக் கேட்கிற தொண்டையில் சொன்னார். “என் மண்ணு மெட்ராசாக்கும்.” சொன்ன பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது. விலாசினி தண்ணீருக்கு வருவது இனி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வருவதல்லவா? தானும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் சதாசிவன் முற்றம் வழியாகத்தான் குறுக்குவழி. அதுவும் அயல்நாடு. இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமஸ்தாவாக இருந்த கனகதாஸைக் கூப்பிட்டார். அதே சபைக்காரர். சட்டத்தைப் பற்றிக் கேட்டால் சம்பளம் வாங்கமாட்டார். மரச்சீனி அவித்து மீன்கறியும் வைத்தால் போதும்.

ராஜையா வீட்டுப் பிலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ராஜையாவின் மனைவி சத்தியபாய் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ரெண்டு நாட்டுக்கு எடையில உடன்படி வேணும்,” என்றார் கனகதாஸ். “எழுத்து வேணுமா?”

“வேண்டாம். எழுதினத எலி திங்கும். சொல்லு போதும்,” என்றார் ராஜையா.

அப்படியே பேசி முடிந்தது. எந்த சர்க்கார் வந்தாலும் போனாலும் சதாசிவன் வீட்டாருக்கு அந்தத் திறப்பு வழியாகத் தண்ணீர் உண்டு. ராஜையா வீட்டாருக்கு சதாசிவன் முற்றம் வழியாகக் கோயிலுக்கு வழி உண்டு. அவரவர் ஆடு மாடு அவரவர் நாட்டில் நிற்க வேண்டும். “ஆரு மீறினாலும் முதல்ல பழைய மாதிரி ஆக்கிக் கொடுக்கணும். முடியாதுன்னா ஈடு. ஈட்டிலயும் தீராத்தது உண்டு, அதுக்கு நாலு பேரு முன்னால வந்து தப்புன்னு சொல்லணும். பெரிய பெரிய நாடுகளுக்கும் இதாக்கும் முறை,” என்றார் கனகதாஸ், விரலை நக்கிக்கொண்டு. ராஜையா வேதபுத்தகத்தின்மேல் கை வைத்தார். சதாசிவன் சாஸ்தா கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

அந்தச் சொல்லை நம்பி சதாசிவன் ஒரு காரியம் செய்தான். துருத் தண்ணீர் கிணற்றை மண் போட்டு மூடினான். மேலே ஒரு தொழுத்து கட்டிப் பசுவைக் கொண்டுவந்து கட்டினான். விலாசினி மட்டும் மண் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“நல்லா யோசிச்சுதானே மூடுதிய?”

“ராஜையண்ணன் வேதபுத்தகத்தில கை வச்சு சொன்னதாக்கும். இனி எதுக்கு இந்த நாறத் தண்ணி?”

பிறகு ஒன்றரை வருஷம் இரண்டு வீடும் இரண்டு நாடாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ராஜையா தென்னந்தடியைத் தாண்டியதும் நின்று செருமுவார். “உங்க நாட்டுக்கு வாறேன் பிள்ளே.” விலாசினி முற்றம் பெருக்கிக்கொண்டே, “என்ன கொண்டு வாறிய?” என்பாள். ராஜையா வேதபுத்தகத்தையும் குடையையும் தூக்கிக் காட்டுவார். சதாசிவன் அவரிடம், “மெட்ராசில மழை உண்டா அண்ணே?” என்று கேட்பான். ராஜையா அண்ணாந்து பார்த்துவிட்டு, “காலத்தே கொஞ்சம் தூறிச்சு,” என்பார். சத்தியபாய் மீன்கறி கொடுத்துவிட்டால் ஏற்றுமதி. வெறும் பாத்திரம் திரும்பிப் போனால் சண்டைக்குக் காரணம் என்று விலாசினி நாலு பச்சைமிளகாயாவது போட்டு அனுப்புவாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் நவம்பரில் எல்லை பிறந்தது. தோட்டு வழியாகப் பிறக்கவில்லை. களியக்காவிளைப் பக்கம் தள்ளிப் பிறந்தது. மார்த்தாண்டம் மெட்ராஸுக்குப் போயிற்று. ராஜையாவின் கிணறும் பிலாமரமும் சதாசிவனின் தொழுத்தும் எல்லாம் ஒரே கேரளத்தில் இருந்தன. அன்றைக்கு சாயாக்கடையில் ஒருவன், “ராஜையண்ணே, மெட்ராஸ் எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

ராஜையா சாயாவைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார். “தூரமா இருக்கு,” என்றார்.

உடன்படியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. விலாசினி எப்போதும்போலத் தண்ணீர் எடுத்தாள். ராஜையா எப்போதும்போலக் கோயிலுக்குப் போனார், செருமாமல்.

அடுத்த கோடையில்தான் காரியம் கெட்டது. ராஜையா தம் விளையில் ஒரு செந்துளுவன் வாழையைத் தெய்வத்துக்கு நேர்ந்து விட்டிருந்தார். சிவந்த குலை, சீப்பு சீப்பாகத் தடித்து இறங்கியிருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம். ராஜையா தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அந்தக் குலையைப் போய்ப் பார்ப்பார், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல. ஒரு காலையில் போனால் அங்கே சதாசிவனுடைய பசு நின்றுகொண்டிருந்தது. வாழை ஒடிந்து தாழ்ந்திருந்தது. குலையில் காம்பு மட்டும் பாக்கி. பசு இவரைப் பார்த்து ஒருமுறை காதாட்டிவிட்டு மெல்லுவதைத் தொடர்ந்தது.

ராஜையா யாரையும் திட்டுகிற ஆள் இல்லை. பசுவைத் தோட்டுக்கு அப்பால் கொண்டுவிட்டார். திரும்பி வந்து பிலாமரத்தில் ஏறி நாலைந்து கொம்பு வெட்டினார். வேலியின் திறப்பை அடைத்தார்.

விலாசினி குடத்தோடு வந்து, இலைக்கு இந்தப்பக்கம் நின்றாள். அந்தப்பக்கம் சத்தியபாய் நின்றாள். விலாசினி குடத்தைத் தலைக்கு மாற்றிக்கொண்டு சாஸ்தா கோயில் இறக்கத்தில் இறங்கினாள். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

சதாசிவனுக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக் கிணறு இல்லை. அது பசுவின் காலுக்கடியில் மண்ணாகக் கிடக்கிறது. தோண்டி எடுத்தாலும் சிவப்புத் தண்ணீர். சுற்றிப் போய் ராஜையாவின் பிலாமரத்தடியில் நின்றான். கனகதாஸும் வரவழைக்கப்பட்டார். கிழங்கும் வந்தது, மீன்கறி மட்டும் வரவில்லை.

“உடன்படி ரெண்டு நாட்டுக்குள்ளதாக்கும்,” என்றார் ராஜையா. “இப்போ ஒரே நாடு. அப்போ உடன்படி இல்ல. உடன்படி இல்லன்னா வெள்ளமும் இல்ல.”

“அப்போ என் பசு செய்ததும் குற்றமில்ல. ஒரே நாட்டுப் பசு, ஒரே நாட்டு வாழை.”

“பசுவுக்கு உடன்படி உண்டு.”

“அப்போ வெள்ளத்துக்கும் உண்டு.”

“பசுவுக்கு மட்டும் உண்டு.”

“பாதி உடன்படின்னு ஒண்ணு கெடையாது ராஜையண்ணே,” என்றார் கனகதாஸ். “ஒங்களுக்கு வேண்டியத வச்சுகிட்டு வேண்டாத்தத துப்புகதுக்கு இது பனங்கிழங்கு இல்ல. நான் கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. இந்த மண்ணு மெட்ராசுன்னு நீங்க சொன்னியளா?”

“சொன்னேன்.”

“அத நம்பி இவன் உடன்படிக்கு வந்தானா? வந்து கெணத்த மூடினானா?”

“மூடினான். நான் மூடச் சொல்லல்ல.”

“நீங்க மண்வெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டாம், வாயால சொன்னா போதும். இனி இது மெட்ராஸ் இல்லன்னு சொல்ல ஒங்க வாய்க்கு உரிமை கெடையாது. கோர்ட்டில இதுக்குப் பேரு எஸ்டாப்பல். ஒருத்தன் ஒண்ணச் சொல்லி, அடுத்தவன் அத நம்பி ஒரு காரியம் செய்து கெட்டா, சொன்னவன் பின்னால மாத்திச் சொல்லப்பிடாது. மனுஷனுக்கும் இதுதான், நாட்டுக்கும் இதுதான்.”

ராஜையா ஒரு கிழங்கை எடுத்துப் பிட்டார். “சர்க்காரு இத கேரளம்னு சொல்லுதே?”

“சர்க்காரு சொல்லலாம். நீங்க சொல்லப்பிடாது.”

அடுக்களையிலிருந்து சத்தியபாயின் குரல் வந்தது. “அப்போ நான் எந்த நாட்டிலயாக்கும் கஞ்சி காய்ச்சுதேன்?”

“நீங்க காய்ச்சுங்க அக்கா. அத அது பாதிக்காது,” என்றார் கனகதாஸ். பிறகு சதாசிவன் பக்கம் திரும்பினார். “நீ சிரிக்காத. பசு கயித்தோட வந்துதா, கயிறு அத்து வந்துதா?”

“கயித்தோட.”

“அப்போ கெட்டினவன் சரியா கெட்டல்ல. பட்டாளக்காரன் அடுத்த நாட்டில போய் ஒண்ணு செய்தா ராஜா செய்த மாதிரி. பசு செய்தா நீ செய்த மாதிரி. குலையை நீயாக்கும் தின்னது.”

“நான் தின்னேனா?”

“சட்டத்தில.”

சதாசிவனுக்கு மூக்கு சிவந்தது. அந்தக் கோபத்தில்தான் அவன் அதைச் சொன்னான். “இன்னொண்ணும் கேளுங்க குமஸ்தா. அந்த வேலிய ஆடு பொளிச்சுதுன்னு அண்ணன் சொன்னாரு. நான் நம்பினேன். ஆடு பொளிச்ச வேலிய அடைக்கதுக்கு முன்ன ஆட்டக் கெட்டணும். ஆடு எங்க?”

சத்தியபாய்கூட அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஆடு இல்லை என்று ராஜையா சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, வேலியை வெட்டியது யார் என்பது. தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் பிறருக்குச் செய்யும் தர்மத்தை எக்காளம் ஊதிச் சொல்லாதே என்று அவர் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்டிருந்தார். கேட்டதை அவர் தம் ஏலத்தைப் போலவே எடுத்துக்கொண்டவர். பிறகு மாற்றுவதில்லை.

“ஆடு உண்டு,” என்றார்.

“எங்க?”

“மேயப் போயிருக்கு.”

“மூணு வருஷமாவா?”

ராஜையா எழுந்து போய்க் கிணற்றங்கரையில் கை கழுவினார். கனகதாஸ் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அந்த வெள்ளத்தையும் நிறுத்தப்பிடாது கேட்டோ. அவன் மீறினான், நீங்க பதிலுக்கு ஒண்ணு செய்யலாம். ஆனா குடிக்கிற வெள்ளத்தில கை வைக்கப்பிடாது,” என்றார். அது ராஜையாவின் முதுகுக்குத்தான் கேட்டது. கேட்டது என்று முதுகிலேயே தெரிந்தது.

பழைய மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் சதாசிவன் மனதில் தைத்துவிட்டது. அவனும் ஒரு வாக்கு சொன்னவன்தானே. அவன் விளையில் நல்ல ஏத்தன் வாழைக்குலை ஒன்று நின்றது. அதை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு மறுநாள் வெள்ளாப்பில், விடியும் முன்னே, சுற்றுவழியாகப் போனான். ஒடிந்து நின்ற செந்துளுவன் வாழைக்கு ஒரு முட்டுக் கொடுத்து நிமிர்த்தினான். கயிறு போட்டு ஏத்தன் குலையை அதில் கட்டினான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜெபம் முடித்து வந்த ராஜையா அதைப் பார்த்தார். சிவந்த தண்டில் பச்சைக் குலை, கழுத்தில் கயிறோடு. அவர் தோள் குலுங்கியது. இருமலாக்கி அடக்கினார்.

“சத்தியபாயே, இஞ்ச வா. நம்ம வாழை மதம் மாறிற்று.”

சதாசிவன் தோட்டுக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டு நின்றான். சிரிப்புதானா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்றைக்கே ராஜையா சந்தைக்குப் போய் ஒரு ஆடு வாங்கி வந்தார். கறுப்பு ஆடு, இளசு, காதில் மட்டும் வெள்ளை. கனகதாஸ் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்து நின்றார்.

“இது ஏதாக்கும்?”

“மேயப் போனது திரும்பி வந்துட்டு.”

“வேலி பொளிச்ச ஆட்டுக்கு மூணு வயசாவது காணணும். இதுக்கு ஒண்ணு திகையல்லியே.”

“மெட்ராசில ஆடு பைய வளரும்,” என்றார் ராஜையா. “இது மெட்ராசில்லன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லன்னு நீருதானே சொன்னீரு.”

கனகதாஸ் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ராஜையா வேலியைப் பலப்படுத்தினார். காய்ந்த பிலாக்கொம்புகளை எடுத்துவிட்டு, புதிதாக வெட்டிய, இலை தளதளவென்று இருந்த பிலாக்கொம்புகளைத் திறப்பில் சொருகினார். கிணற்றுக்குப் பக்கத்தில் மூங்கில்முள் ஒரு குவியலே கிடந்தது. அதை அவர் தொடவில்லை. பிறகு ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே போய் மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தார். சதாசிவன் தொழுத்தில் பால் கறந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தான். பிலாவிலை என்றால் ஆடு கிணற்றுக்குள்ளும் குதிக்கும் என்பது அந்த ஊரில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். ராஜையாவுக்குத் தெரியாதா?

ஆடு உடனே வரவில்லை. முதலில் துணி காயப்போட்ட கொடியை முகர்ந்தது. கிணற்றுச் சுவரில் ஏறி நின்றது. சத்தியபாயின் அம்மிக்கல்லை நக்கியது. வேலிப்பக்கம் அதற்கு நாட்டமே இருப்பதாகத் தெரியவில்லை. சதாசிவனுக்குப் பொறுமை போய், பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிலாவிலையைப் பிய்த்துத் தோட்டுக்கு இந்தப்பக்கம் நின்று ஆட்டிக் காட்டலாமா என்றுகூட யோசித்தான். அது அயல்நாட்டுக் காரியத்தில் தலையிடுவதாகும் என்று விட்டுவிட்டான்.

காலையில் திறப்பு திறந்திருந்தது. இலையில்லாத நாலு கம்பு கீழே கிடந்தது. ஆடு திறப்பின் நடுவில் நின்று கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது.

ராஜையா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “பாத்தியா சதாசிவா. நான் அப்பவே சொன்னேனே, ஆடாக்கும் பொளிச்சதுன்னு.”

“சொன்னியதான் அண்ணே,” என்றான் சதாசிவன்.

ஆனால் விலாசினி குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் சாஸ்தா கோயில் வழிக்குத்தான் திரும்பினாள்.

“ஏன் பிள்ளே, வேலி தொறந்து கெடக்கே?”

“வேலி ஆட்டுக்க காரியம். குலை தெய்வத்துக்க காரியம். நம்ம பசு தின்னது நேர்ச்சைக் குலையாக்கும். அது தீராம நான் அந்தக் கெணத்தில கயிறு எறக்க மாட்டேன். நாலு பேரு முன்னால சொல்லணும்னு உடன்படியில உண்டா இல்லியா?”

உண்டு. சதாசிவனுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதைவிடக் கிணற்றை மறுபடி தோண்டுவது எளிதாகத் தோன்றியது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை, செந்துளுவனில் கட்டிய ஏத்தன் குலையை ராஜையாவிடம் கேட்டு அவிழ்த்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மிஷன் கோயில் முற்றத்துக்குப் போனான். ஏலம் தொடங்கிவிட்டது. பூசணியும் மரச்சீனியும் ஒரு கோழியும் போய்முடிந்திருந்தன. நேர்ந்த குலை இல்லாமல் ராஜையா அந்த வருஷம் வெறுங்கையோடு நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தார். சதாசிவனைக் கண்டதும் அவர் தொண்டை நின்றது.

சதாசிவன் குலையை இறக்கி வைத்தான். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். “தெய்வத்துக்கு வச்சிருந்த குலையை என் பசு தின்னுட்டு. நான் நல்லாக் கெட்டல்ல. அது என் தப்பாக்கும்,” என்றான். அதற்குமேல் அவன் மனதில் தயாராக வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. “குலை இது. கயித்தின் அடையாளம் கொஞ்சம் உண்டு,” என்று மட்டும் சேர்த்தான்.

ராஜையா குனிந்து அந்தக் குலையை எடுத்தார். ஒரு நிமிஷம் மார்போடு வைத்துக்கொண்டார். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே தூக்கிக் காட்டினார்.

“அயல்நாட்டில இருந்து வந்த குலை. கேக்கவன் கேளு.”

அந்த வருஷம் எதற்கும் ஏறாத போட்டி அதற்கு ஏறியது. வெயிலும் ஏறியது. ஓரத்தில் நின்ற கனகதாஸ், விலையைக் கேட்டு அசந்துபோய், நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினார்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். குமஸ்தாவுக்கு.”

“ராஜையண்ணே, நான் வேர்வை தொடச்சேன்.”

“கை பொங்கிச்சா இல்லியா?”

“பொங்கிச்சு. ஆனா அது…”

“எஸ்டாப்பல்,” என்றான் சதாசிவன் பின்னாலிருந்து.

அன்றைக்குச் சாயங்காலம் விலாசினி ராஜையாவின் கிணற்றில் கயிறு இறக்கினாள். சத்தியபாய் குடத்தைப் பிடித்துக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு சியாமளா என்று பேர். அந்தக் குழந்தையின் முதல் குளிப்பு மெட்ராஸ் தண்ணீரில் என்று ராஜையா சாயாக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்வதை யாரும் தடுக்கவில்லை. அவருக்கு வேறு மாதிரி சொல்ல உரிமை இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நிலத்துக்குக் கரம் கட்டப் போனால்கூட, “அயல்நாட்டுக்காரன் கெட்டுத கரமாக்கும், நல்லா எண்ணிக்கோ,” என்பார்.

ஆடு சில வருஷம் இருந்தது. பிலாவிலை தின்று கொழுத்தது. வேலியை மறுபடி ஒருநாளும் அது சீண்டவில்லை. திறந்தே கிடந்ததில் அதற்கு என்ன இருக்கிறது? ஒரு மழைக்காலத்தில் சீக்கு வந்து செத்தது. ராஜையா வேறு ஆடு வாங்கவில்லை.

வயசான பிறகு ராஜையாவையும் சத்தியபாயையும் மகள் சுகிர்தபாய் மார்த்தாண்டத்துக்கு அழைத்துக்கொண்டாள். வீடும் விளையும் ராஜையாவின் தம்பி மகன் சத்தியராஜுக்கு. சத்தியராஜ் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். வந்த அன்றைக்கே வேலியோரம் நடந்து பார்த்து, சிமென்ட் கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் எவ்வளவு வசதி என்று தன்னோடு பேசிக்கொண்டான். அதை விலாசினி தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டாள். சதாசிவனிடம் சொன்னாள். சதாசிவன் ராஜையாவிடம் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் அவனுக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வரவில்லை.

பிரிகிற அன்று ராஜையாவின் டிரங்குப் பெட்டியைச் சதாசிவன்தான் பாறசாலை பஸ் நிற்கிற இடம்வரைக்கும் சுமந்தான். சத்தியராஜ் படுக்கையைக் கொண்டு வந்தான். சத்தியபாய் முன்னால் நடந்தாள். ராஜையா தடி ஊன்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று வந்தார்.

“கடைசியா மெட்ராசுக்குப் போறியளே அண்ணே,” என்றான் சதாசிவன்.

“போறதா? நான் எப்பவும் அங்கதானேலே இருந்தேன்.”

பஸ் வந்தது. பெட்டி மேலே ஏறியது. சத்தியபாய் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராஜையா படியில் ஏறி உள்ளே போனார். சதாசிவன் கீழே நின்றான். கண்டக்டர் மணி இழுத்தார். அப்போது ராஜையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். முதலில் சத்தியராஜைப் பார்த்தார். பிறகு சதாசிவனைப் பார்த்தார். ஏலம் கூறிய அந்தப் பழைய தொண்டையில், பஸ்ஸில் இருந்தவர்களும் கடைகளில் நின்றவர்களும் எல்லாம் சாட்சியாகக் கேட்கும்படி சொன்னார்:

“எலே சதாசிவா, அந்த ஆட்டக் கெட்டிப் போட்டிராத மக்கா. அது பாட்டுக்கு அந்த வழியில போயிற்று வரட்டு.”